நவம்பர் 14-க்கு ஓர் இன்ச் டேப்

கேள்வி:

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்பில்தான். ஆண்டுதோறும் நவம்பர் 14 வந்தால் உலக நீரிழிவு நாள் நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். பேனர் அடிப்போம். பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவிட்டு முழக்கம் போட வைப்போம். உறுதிமொழி எடுப்போம். அன்றே குழந்தைகள் தினமும் என்பதால் கடைசியில் ஆளுக்கொரு லட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம்! இதனால் ஒருவருக்காவது சர்க்கரை நோய் வராமல் போயிருக்குமா?

சொந்த விஷயமும் ஒன்று. எனக்கு வயது 42. அப்பா, அம்மா இருவருக்குமே சுகர். அப்பாவுக்குக் காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. நான் ஒல்லிதான், 54 கிலோ. ஆனால் இடுப்பு மட்டும் 34 அங்குலம். வாக்கிங் போக நேரம் கிடைப்பதில்லை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 104, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 162. “பார்டர்தான், பயப்படாதீங்க” என்று லேபில் சொன்னார்கள். பரம்பரையில் இருப்பது எப்படியும் வரத்தானே போகிறது? மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடலாமா? பள்ளியில் இந்த முறை உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்:

டீச்சர், முழக்கம் கேட்டு யாருக்கும் சர்க்கரை குறைவதில்லை. அதற்காக அந்த நாளையே தூக்கிப் போட வேண்டியதில்லை. அது ஃபிரெடரிக் பான்டிங் பிறந்த நாள். 1891-இல் பிறந்தவர், 1921-இல் டொரான்டோவில் சார்லஸ் பெஸ்ட்டுடன் சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தவர். அதன் காப்புரிமையை அவரும் கூட்டாளிகளும் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிறந்த நாளைத்தான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1991-இல் நீரிழிவு நாளாக அறிவித்தன. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் ஏற்றுக்கொண்டது. நேருவின் பிறந்த நாளும் அதே தேதியில் வந்ததால் நம் ஊரில் மட்டும் லட்டும் சேர்ந்துகொண்டது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, ஆளையே வைத்துச் சோதித்துப் பார்த்த பதில் இருக்கிறது. முதல் பெரிய சோதனை சீனாவின் வடகிழக்கில், எண்ணெய் வயலைச் சுற்றி எழுந்த டாச்சிங் நகரத்தில் 1986-இல் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, உங்களைப் போல ‘பார்டரில்’ இருந்த 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 33 மருத்துவ மையங்கள். சில மையங்களில் உணவு ஆலோசனை, சிலவற்றில் உடற்பயிற்சி, சிலவற்றில் இரண்டும், மீதி மையங்களில் வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு ஆண்டு முடிவில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 68 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. மற்ற மூன்று குழுக்களிலும் அது 41 முதல் 46 வரைதான். அத்தோடு விடவில்லை. 30 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அந்த மூன்று குழுக்களில் இருந்தவர்களுக்கு நோய் வந்தபோதும் சராசரியாகச் சுமார் 4 ஆண்டுகள் தள்ளி வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. ஆயுளும் ஓராண்டுக்கு மேல் கூடியது.

அடுத்து ஃபின்லாந்தில் 522 பேர், அமெரிக்காவில் 3,234 பேர். 2001, 2002-இல் வெளியான இந்த இரண்டு ஆய்வுகளிலும் முடிவு ஒன்றுபோல வந்தது: உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த இன்னொரு குழுவும் இருந்தது. அதில் 31 சதவீதம்தான் குறைந்தது. நடையிடம் மாத்திரை தோற்றது என்று இதைப் பத்திரிகைகள் எழுதி மகிழ்ந்தன. ஆனால் உணவையும் நடையையும் திருத்திய குழுவில் ‘நட’ என்று சொல்லி மட்டும் அனுப்பிவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஆலோசகர். முதல் ஆறு மாதத்தில் 16 சந்திப்புகள். உடல் எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு இலக்கு. தவறினால் ஏன் தவறினார் என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள். பேரணிக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கேதான் இருக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினாலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்தும் அதற்கு மேல் பலனில்லை. அமெரிக்காவின் 58 எங்கே, நம் 28 எங்கே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களைப் பாருங்கள்: அமெரிக்காவில் மூன்று ஆண்டில் 100-க்கு 29 பேருக்கு நீரிழிவு வந்தது, சென்னையில் 55 பேருக்கு. நம் ‘பார்டர்’ அவ்வளவு வேகமாக வழுக்கும் பார்டர். அதனால்தான் லேபில் சொன்ன அந்த ஆறுதல் வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 140 முதல் 199 வரை இருப்பவர்களைத்தான் இந்த ஆய்வுகள் எல்லாமே எடுத்துக்கொண்டன. உங்கள் 162 அதற்குள் இருக்கிறது. பயப்பட வேண்டாம், சரி. சும்மா இருந்துவிடவும் வேண்டாம்.

பரம்பரையைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் கிலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளமும் பயறும் விளைவித்து வாழ்ந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் மேலே ஆற்றைத் திருப்பிவிட, வயல் காய்ந்தது. பிறகு அரசு கொடுத்த மைதாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும்தான் சாப்பாடு. உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாக உள்ள சமூகங்களில் ஒன்றாக அவர்கள் ஆனார்கள். அவர்களுடைய ரத்த உறவினர்கள் எல்லைக்கு அப்பால், மெக்சிகோ மலைக் கிராமம் ஒன்றில் இன்னும் உழுது பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 2006-இல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மெக்சிகோ பீமாக்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். மரபணு ஏறக்குறைய ஒன்றே. மாறியது ஆறும் அடுப்பும் வேலையும். ஆகவே அப்பா, அம்மா இருவருக்கும் இருப்பது உங்கள் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை; வந்தே தீரும் என்பது உண்மையில்லை.

‘நான் ஒல்லிதான்’ என்பதிலும் கொஞ்சம் நில்லுங்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ். யாஜ்னிக், தன்னையும் பிரிட்டனில் இருக்கும் நண்பரான இன்னொரு ஆய்வாளரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திய புகைப்படம் ஒன்றை 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு நண்பருக்கு 9 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21 சதவீதம். கை, கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம் உடல்வாகு. தராசு இதைக் காட்டிக் கொடுக்காது. டேப் காட்டும்.

அந்த டேப்பை வைத்துத்தான் உங்கள் பள்ளி நிகழ்ச்சியை நடத்தச் சொல்லப் போகிறேன். சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ என்று ஒன்று இருக்கிறது. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். நான்கே விவரங்கள், மொத்தம் 100. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ஐத் தொட்டால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சியும் கடின வேலையும் சேர்ந்தே இருந்தால் 0, ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-ஐத் தொட்டால் 20. ஆண்களுக்கு இந்த எல்லைகள் 90, 100. கூட்டி வருவது 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம், ரத்தம் பார்த்தாக வேண்டும்.

உங்களுடையதைப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20, பெற்றோருக்கு 20, இடுப்பு 34 அங்குலம் அதாவது 86 செ.மீ. என்பதால் 10, வகுப்பில் நிற்பதைக் கடின உழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் 30. மொத்தம் 80. இதில் முதல் 40-ஐ யாராலும் மாற்ற முடியாது. ஆனால் தவறாமல் நடக்க ஆரம்பித்தால் 30 என்பது 20 ஆகிவிடும். இடுப்பு 80-க்குக் கீழே இறங்கினால் அந்த 10-உம் போய்விடும்.

அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஆண்களைக் கேட்டால் பேன்ட் சைஸைச் சொல்வார்கள்; தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டும் இடம் அது. பெண்கள் பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சொல்வார்கள். இரண்டும் இல்லை. விலாவின் கடைசி எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் படிக்க வேண்டும். தையற்கடையில் கிடைக்கும் இன்ச் டேப் போதும், மறுபக்கத்தில் செ.மீ. இருக்கும். பழைய டேப் இழுபட்டு நீண்டிருந்தால் தப்பாகக் காட்டும், ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

யாரை அளப்பது? மாணவர்களை அல்ல. இந்த மதிப்பெண் பெரியவர்களுக்கானது. வகுப்பில் குண்டாக இருக்கும் பிள்ளையை நிறுத்தி அளந்தீர்களென்றால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் உங்களை மறக்காது. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அளக்கவும் கூட்டவும் கற்றுக்கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக்கொண்டு வரட்டும். ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், வாட்ச்மேன், பள்ளி வேன் ஓட்டுநர் எல்லோரையும் பள்ளியிலேயே பார்த்துவிடலாம். பெண்களைப் பெண்கள் தனி அறையில் அளக்கட்டும். எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம், சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும். பெண்களிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கர்ப்பமாக இருந்தபோது சுகர் இருந்ததா? பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது என்று மறந்திருப்பார்கள். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு. மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அவர்கள் ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைத் தமிழ்நாடு அரசு 2007-லேயே கட்டாயமாக்கியது. அதற்கு அடித்தளம் போட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா.

மதிப்பெண் 60-ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயது ஆனவர்களுக்கு அங்கே சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் உங்கள் தெருவுக்கே வருகிறவர்தான். முன்கூட்டிச் சொன்னால் நவம்பர் 14 அன்று பள்ளிக்கே வந்து குளுக்கோமீட்டரில் பார்க்க ஏற்பாடு செய்யலாம். உலகில் 20 முதல் 79 வயதுக்குள் 58.9 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அது தெரியவே தெரியாது என்றும் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் மதிப்பிட்டது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, ‘பார்டரில்’ இருப்பவர்கள் 13.6 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியுதவியுடன் நடந்த ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. இந்த 13.6 கோடியில் உங்கள் ஊர்க்காரர்கள் யார் யார் என்று பெயரோடு தெரிந்துகொள்வதுதான் நான் கேட்கும் விழிப்புணர்வு.

தெரிந்துகொண்ட பிறகுதான் வேலையே. வாட்ஸ்ஆப் குழு ஒன்று தொடங்குங்கள். ‘வாட்ஸ்ஆப்பால் என்ன ஆகும்’ என்று சிரிக்காதீர்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை வைத்து இதே ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. தொடர்ந்து குறுஞ்செய்தி வந்தவர்களில் இரண்டு ஆண்டில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை அறிவுரை சொல்லி விட்டுவிட்டவர்களில் 27 சதவீதம். குழுவில் குட்மார்னிங் ரோஜாப் பூ வராமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் சாமர்த்தியம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி கூப்பிட்டு அதே டேப்பால் அளந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் எல்லோரும் கேட்பது இனிப்பைப் பற்றித்தான். நான் முதலில் கேட்பது சோற்றை. நம் நாட்டுச் சாப்பாட்டில் ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் அரைத்த தானிய மாவும் சர்க்கரையும். சோற்றை விட வேண்டாம். முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டில் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால் பங்குக்குப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதமிருக்கும் கால் பங்கில்தான் சோறு. இரண்டாம் முறை கேட்டால் காய்தான் போட வேண்டும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று போவதில் இந்த விஷயத்தில் லாபமில்லை. எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். கேழ்வரகாகவே இருந்தாலும் மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் வேகமாக ஏறும். இரவு சாப்பிட்டதும் சீரியல் முன் உட்காராமல் 15 நிமிடம் தெருவில் நடங்கள். நேரமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கு ஒரு நிறுத்தம் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினாலே வாரத்தின் 150 நிமிடத்தில் கணிசமான பங்கு கழிந்துவிடும்.

எல்லாவற்றையும் தனி மனிதன் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மெக்சிகோ 2014 ஜனவரியில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் ஆண்டிலேயே வாங்குவது சுமார் 6 சதவீதம் குறைந்தது. பிரிட்டன் 2018-இல் பானத்தில் உள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரி போட்டது. வரிக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. எனக்குப் பிடித்தது சிலி. 2016 முதல் அங்கே சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் புரியும். நம்மிடமும் விதி இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. உங்கள் வாசலில் என்ன விற்கிறது என்று மாணவர்களையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். 300 மில்லி கோலா ஒன்றில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதைத் தராசில் நிறுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மேசையில் வையுங்கள். அரை மணி நேரச் சொற்பொழிவு மிச்சமாகும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

மேடையில் பேசுகிறவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். முதல் வகை நீரிழிவு வேறு. இது பெரும்பாலும் சிறு வயதில் வருவது. உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. சாக்லேட் தின்றதால் வந்ததல்ல, நடந்திருந்தால் தடுத்திருக்கவும் முடியாது. உங்கள் பள்ளியிலேயே பையில் இன்சுலின் பேனாவை ஒளித்து வைத்துக்கொண்டு வரும் மாணவி ஒருத்தி இருக்கலாம். ‘இனிப்பைத் தின்றால் சர்க்கரை நோய் வரும்’ என்று மைக்கில் முழங்கினால், கூட்டத்தில் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி யாராவது இருந்தால், ஊசி போட்டுக்கொள்ளச் சுத்தமான ஓர் இடமும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே கொடுக்க குளுக்கோஸும் ஆசிரியர் அறையில் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் என்ன செய்வது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். தாகம், அதிக தூக்கம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் மெலிவது என்று எந்தப் பிள்ளை இருந்தாலும் ‘சோம்பேறி’ என்று முடிவு கட்டாமல் அன்றே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம். மெட்ஃபார்மின் பழைய, மலிவான, நன்கு தெரிந்த மருந்து. ‘பார்டரில்’ இருப்பவர்களுக்குச் சில சமயம் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். கர்ப்ப காலத்தில் சுகர் இருந்தவர்களுக்கு அது நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் அப்பாவின் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொண்டு, போன மாத ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் நடையையும் தட்டையும் திருத்திப் பாருங்கள். அதே லேபில், அதே போல 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேர அளவை மறுபடி பாருங்கள். 140-க்குக் கீழே வந்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். குறையவில்லை, அல்லது ஏறியிருக்கிறது என்றால் மாத்திரையைப் பற்றி அப்போது அவரோடு பேசுங்கள்.